அணைப்பக்கம் காலையில சைக்கிள் மிதிக்கிறவங்க கொசுவுக்கு என்ன பண்றீங்க?

அணைப்பக்கத்தான்
எல்லாருக்கும் வணக்கம். ஊரு கிருஷ்ணகிரி. விடிஞ்சும் விடியாம கே.ஆர்.பி. அணை வரைக்கும் சைக்கிள்ல போய் வர்றது வழக்கம். மனசு வந்தா வாய்க்காலை ஒட்டியே காவேரிப்பட்டணம் வரைக்கும் விடுவேன். இந்த மழைக்கு அப்புறம் அந்தப் பக்கம் கொசு தாங்கல. நெல்லு வயல் ஓரமா செயின் மாட்டக் குனிஞ்சா முழங்காலுக்குக் கீழ மொய்ச்சிடுது.

இதுல எங்க தெருவுலயே அடுத்தடுத்த வீட்டுல டெங்கு. மாடி வீட்டுப் பையன் ஆஸ்பத்திரியில இருந்து வந்துட்டான், ஆனா இன்னும் நாலு படி ஏறினா உக்காந்துடுறான். வீட்டம்மா தினமும் காலையில வாசல்ல நின்னு, "உடம்பு நல்லா இருக்கணும்னு சைக்கிள் ஓட்டப் போய் காய்ச்சலைக் கட்டிட்டு வராதீங்க"ன்னு சொல்லித்தான் அனுப்புறாங்க. எனக்கும் பயம் இல்லாம இல்ல. நேரத்தை மாத்தணுமா, ரூட்டை மாத்தணுமா, இல்ல கிரீம் பூசிட்டுப் போனாப் போதுமா? வேர்வையில அது நிக்குமா? பழக்கம் உள்ளவங்க சொல்லுங்க.

சிப்காட்_ஷிப்டு
அண்ணா, ஓடுற சைக்கிள்ல கொசு உக்காராது. மணிக்கு ரெண்டு மூணு கிலோமீட்டருக்கு மேல அதால பறக்க முடியாது. நீங்க எவ்ளோ மெதுவா மிதிச்சாலும் பன்னண்டு, பதினஞ்சுல போவீங்க. எனக்குக் கடி விழுறதெல்லாம் ஓசூர் ரயில்வே கேட்டுல நிக்கும்போதும், ஷிப்டு முடிஞ்சு டீக்கடை பெஞ்சுல உக்காரும்போதும்தான். நிக்காதீங்க, அவ்ளோதான்.

அஞ்செட்டி_ஏத்தம்
சொல்றது சுலபம் தம்பி. தேன்கனிக்கோட்டை தாண்டி அஞ்செட்டி இறங்கி, திரும்ப ஏறிப் பாரு. ஏத்தத்துல நடக்குறவனே நம்மளைத் தாண்டிப் போவான். கொசு தாண்டாதா?

இன்னொண்ணு, மூச்சு வாங்கிட்டு நிக்கிற ஆளைத்தான் அது முதல்ல தேடி வரும். நாம விடுற கரியமில வாயுவை மோப்பம் பிடிச்சுத்தான் அது நம்ம பக்கம் திரும்புது. கிட்ட வந்ததும் வேர்வையில இருக்கிற லாக்டிக் அமிலம், உடம்புச் சூடு, அப்புறம் கருப்பு கலர். ஏத்தம் ஏறி முடிச்ச சைக்கிள்காரன்கிட்ட இந்த நாலும் ஒண்ணாச் சேர்ந்திருக்கும். கருப்பு ஜெர்சி போட்டுட்டுப் போற வழக்கத்தை நான் விட்டுட்டேன். வெளுத்த கலர், கொஞ்சம் தொளதொளன்னு. ஒட்டிப் பிடிக்கிற லைக்ரா துணின்னா அதுக்கு மேலயே குத்திடும், கையில கால்ல துணி இருக்குன்னு நம்பிடாதீங்க.

வெள்ளைச்சட்டை_ஓய்வு
தம்பி அணைப்பக்கத்தான், நான் சுகாதாரத் துறையில ஆய்வாளரா இருந்து ஓய்வு பெற்றவன். பழைய தருமபுரி மாவட்டம் முழுக்க, அதாவது 2004-ல கிருஷ்ணகிரி பிரியறதுக்கு முன்னாடி, சைக்கிள்லயே சுத்தி வேலை பார்த்த ஆள். அதனால ரெண்டு வார்த்தை சொல்ல உரிமை இருக்குன்னு நினைக்கிறேன்.

வாய்க்கால் ஓரம் உங்க காலை மொய்க்கிற கொசு வேற, உங்க தெருவுல டெங்கு கொடுத்த கொசு வேற. முதல்ல இதைப் பிரிச்சுப் பாருங்க.

நெல் வயல்லயும் வாய்க்கால்லயும் பெருகறது பெரும்பாலும் கியூலெக்ஸ் வகை. பொழுது சாயறப்போ கிளம்பி ராத்திரி பூரா கடிக்கும். நீங்க இருட்டோட போறதால அது வேலை முடிச்சு அடங்கறதுக்குள்ள மாட்டிக்கிறீங்க. அதால டெங்கு வராது. ஆனா மூளைக்காய்ச்சல், ஜப்பானிய மூளைக்காய்ச்சல்னு சொல்வாங்களே, அதைப் பரப்புறது இந்த வயல் கொசுதான். இந்தியாவுலயே அந்த நோயை முதல்ல கண்டுபிடிச்சது 1955-ல, நமக்குப் பக்கத்துல வேலூர்ல. கொக்கு, நாரை, பன்னி இதுங்க உடம்புல வைரஸ் இருந்து கொசு வழியா மனுஷனுக்கு வரும். கடிச்ச எல்லாருக்கும் வராது, நூத்துல ஒருத்தருக்குக்கூட அறிகுறி தெரியாது. வந்தவங்களுக்கு மட்டும் பெரிய கஷ்டம், அதிலும் குழந்தைங்களுக்கு. சாக்கடையில பெருகற இன்னொரு கியூலெக்ஸ் யானைக்காலைப் பரப்பும். மலேரியா கொசுவான அனாபிலஸும் ராத்திரிப் பேர்வழிதான்.

டெங்கு கொசு ஏடிஸ். பகல்ல கடிக்கும். பொழுது விடிஞ்சு ரெண்டு மணி நேரமும், பொழுது போறதுக்கு முன்னாடி ரெண்டு மணி நேரமும் அதுக்கு ரொம்பப் பிடிச்ச நேரம். கருப்பு உடம்புல வெள்ளைப் பட்டை இருக்கும். வயலுக்கெல்லாம் போகாது. வீட்டு டிரம்மு, தொட்டி, ஆட்டுக்கல்லு, பிரிட்ஜு பின்னாடி தட்டு, தேங்காய்த் தொட்டி, இதுதான் அதோட ஊரு. பிறந்த இடத்துல இருந்து நானூறு மீட்டர் தாண்டறதே அபூர்வம். நீங்க அணைக்குப் போய் வர்ற தூரத்தை அது ஆயுசுக்கும் பறக்காது.

இப்ப நீங்களே கணக்குப் போடுங்க. உங்க தெருவுல ரெண்டு வீட்டுல டெங்கு. கொசு பறக்கிற தூரத்துக்குள்ள யார் வீட்டுத் தொட்டி இருக்கு?

அணைப்பக்கத்தான்
ஐயா, ரொம்ப நன்றி. அப்போ வீட்டம்மா பயப்படறது சரி, பயப்படற இடம்தான் தப்புன்னு சொல்றீங்க. இதை நான் அவங்ககிட்ட சொன்னா எனக்குச் சோறு கிடைக்காது :)

எங்க வீட்டுல மூடி இல்லாத நீல டிரம்மு இருக்கு. தண்ணி நாலு நாளைக்கு ஒருதரம்தான் வருது, பிடிச்சு வைக்காம முடியாது.

வெள்ளைச்சட்டை_ஓய்வு
அம்மாவுக்கு என் சார்பா வணக்கம் சொல்லுங்க. அவங்க சொல்றதுல இன்னொரு நியாயமும் இருக்கு. கொசு நானூறு மீட்டர்தான் போகும், ஆனா மனுஷன் போவான். டெங்கு வைரஸை ஊர் விட்டு ஊர் கொண்டு போறது கொசு இல்ல, நாமதான். காய்ச்சல் ஆரம்பிக்கறதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடியே ரத்தத்துல வைரஸ் வந்துடும், காய்ச்சலோட முதல் நாலஞ்சு நாளும் இருக்கும். அந்த நேரத்துல ஓசூர்ல இருந்து சைக்கிள் மிதிச்சு கிராமத்து டீக்கடையில உக்காந்தீங்கன்னா, அங்க இருக்கிற ஏடிஸ் உங்களைக் கடிச்சுட்டு, எட்டுல இருந்து பன்னண்டு நாள் கழிச்சு அந்த ஊரு ஆளுக்குக் கொடுக்கும். "டெங்கு டவுன் நோய்"னு ஒரு காலத்துல பேசிட்டிருந்தோம். தருமபுரி மாவட்டத்துல ரெண்டு கிராமத்துல டெங்கு பரவினதைப் பத்தி 2002-லயே இந்திய மருத்துவ ஆய்வு இதழ்ல கட்டுரை வந்தாச்சு. தமிழ்நாட்டுல முதல் ஜிகா நோயாளி 2017-ல எங்க கண்டுபிடிச்சாங்க தெரியுமா? சென்னையில இல்ல. நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம், அஞ்செட்டிப் பக்கம்.

அஞ்செட்டி_ஏத்தம்
அது உண்மை. அப்போ எங்க பக்கம் வீடு வீடா வந்து ஒவ்வொரு குடத்தையும் எட்டிப் பார்த்தாங்க. ஜிகாவையும் இதே ஏடிஸ்தான் பரப்புது, மாசமா இருக்கிற பொண்ணுங்கதான் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்னு சொன்னாங்க.

பென்னாகரம்_மேடு
எல்லாரும் டிரம்மு டிரம்முன்னு எங்களைக் குத்தம் சொல்றீங்க. தண்ணி பிடிச்சு வைக்கிறது எங்களுக்கு ஆசையா? இந்த மண்ணுல போர் போட்டா ஃப்ளோரைடு. எங்க தாத்தா பல்லு, முட்டி எல்லாம் அதால போனது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல வந்த பிறகுதான் நல்ல தண்ணியையே பார்க்கிறோம். அதுவும் வர்ற அன்னிக்குத்தான் வரும். வாரம் ஒருக்கா "உலர் நாள்", எல்லாத்தையும் கவுத்துக் காய வையின்னு போஸ்டர் ஒட்டிட்டுப் போறாங்க. ஆத்துத் தண்ணியைத் தெருவுல ஊத்தச் சொல்ற ஆளுங்க நாளைக்கு எனக்கு ஒரு குடம் கொடுப்பாங்களா?

வெள்ளைச்சட்டை_ஓய்வு
கோபம் நியாயம்தான். நானே அந்தப் போஸ்டரை ஒட்டிட்டு வந்து, எங்க வீட்டுல டிரம்மு ரொப்பி வச்ச ஆள். தண்ணியை ஊத்தச் சொல்லல. வாயை வேட்டித் துணியால இழுத்துக் கட்டுங்க, கொசு நுழையற இடைவெளி இல்லாம. தகர மூடி சரியா உக்காராது, ஓரத்துல இடுக்கு இருக்கும், அதை நம்பாதீங்க.

அடுத்த தண்ணி வர்ற அன்னிக்கு டிரம்மு காலியாகும் இல்லையா, அப்போதான் முக்கியமான வேலை. உள்பக்கம், தண்ணி நின்ன மட்டத்துக்குச் சற்று மேல, டார்ச் அடிச்சுப் பாருங்க. எழுதற மசியைத் தெளிச்ச மாதிரி கருப்புப் புள்ளிகள் ஒட்டியிருக்கும். அதுதான் முட்டை. தண்ணியே இல்லாம மாசக்கணக்குல காஞ்சு கிடக்கும், திரும்பத் தண்ணி பட்டதும் பொரிக்கும். சும்மா அலசி ஊத்தினா போகாது. தேங்காய் நாரும் பிளீச்சிங் பவுடரும் போட்டு அந்த வளையத்தை அழுத்தித் தேய்க்கணும். முட்டை கொசுவா மாற எட்டு, பத்து நாள் ஆகும், நல்ல வெயில்ல இன்னும் சீக்கிரம். அதனாலதான் வாரம் ஒருக்கான்னு சொல்றது.

பென்னாகரம்_மேடு
இதை அந்தப் போஸ்டர்ல எழுதியிருந்தா நான் ஏன் சண்டைக்கு வரப்போறேன்? துணி கட்டறது சரி. கொசுப் புழுவைக் கொல்லன்னு அபேட் மருந்து ஊத்தறாங்களே, அதை எங்க அம்மா விடவே மாட்டாங்க, வாடை அடிக்குதுன்னு.

வெள்ளைச்சட்டை_ஓய்வு
குடிதண்ணிக்கு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்தான் அளவு, அதுக்கு உலக சுகாதார நிறுவனம் ஒத்துக்கிட்டிருக்கு. ஆனா குடிக்கிற குடத்துல வேண்டாம்னு சொல்ற அம்மாக்கள்கிட்ட நான் மல்லுக்கட்டினதில்ல. புழங்கற தண்ணித் தொட்டியில ஊத்த விடுங்க, போதும்.

பஞ்சர்பெட்டி
பாலக்கோடு ரோட்டுல பஞ்சர் கடை வச்சிருக்கோம், அப்பா காலத்துல இருந்து. சைக்கிள்காரங்க கொசுவைப் பத்திப் பேசறீங்க, எங்க கடையைப் பத்தி யாரும் வாய் திறக்கலையே, அதான் நானே வந்தேன்.

டியூபை அமுக்கிக் காத்து எங்க கசியுதுன்னு பார்க்க ஒரு டப் இருக்கும் இல்ல, அரை டிரம்மை வெட்டினது. அதுல வேலை நடக்கற வரைக்கும் பிரச்சனை இல்ல, தண்ணி அழுக்கும் கிரீஸுமா கலங்கிட்டே இருக்கும். ஆனா தீபாவளி, பொங்கல்னு கடை சாத்திட்டு ஊருக்குப் போய் வந்து பார்த்தா, தெளிஞ்ச தண்ணியில கொசுப் புழு தலைகீழாத் தொங்கிட்டு நிக்கும். கையை நீட்டி நிழல் விழுந்தாப் போதும், அத்தனையும் நெளிஞ்சு நெளிஞ்சு அடிக்கு ஓடிடும். கொஞ்ச நேரம் அசையாம இருந்தா ஒவ்வொண்ணா மேல வந்து மூச்சு வாங்கும். இப்பெல்லாம் சாத்தும்போது டப்பைக் கவுத்துட்டுத்தான் பூட்டு போடுறது.

பெரிய தொல்லை பழைய டயரு. லாரி டயரோ, சைக்கிள் டயரோ, நிமுத்தி வச்சாலும் படுக்க வச்சாலும் உள்பக்கம் ஒரு கை தண்ணி நிக்கும். கவுத்து ஊத்தினாலும் சுத்தி வந்து உள்ளயே உக்காந்துக்கும். உள்ள இருட்டு, வெளிய கருப்பு, ஏடிஸுக்கு அதைவிட வீடு வேணுமா? கடைக்குப் பின்னாடி அடுக்கி வச்சதை வந்து பார்த்துட்டு அபராதம்னு மிரட்டினாங்க. அபராதம் போடுங்க, இதை எங்க கொண்டு போய்ப் போடறதுன்னும் சொல்லுங்கன்னு அப்பா கேட்டார். அதுக்குப் பதில் இல்ல.

வெள்ளைச்சட்டை_ஓய்வு
தம்பி, உங்க அப்பா கேட்ட கேள்வி உலகம் பூரா கேட்ட கேள்வி. ஏடிஸ் இனத்துல ஆசியப் புலிக்கொசுன்னு ஒண்ணு இருக்கு, நம்ம மாந்தோப்பு, மூங்கில் புதர்ல எல்லாம் இருக்கும். அது கப்பல் ஏறி கண்டம் விட்டுக் கண்டம் போனதே பழைய டயருக்குள்ளதான். அமெரிக்காவுல ஹூஸ்டன் நகரத்துல 1985-ல அது குடியேறினதைக் கண்டுபிடிச்சாங்க, ஆசியாவுல இருந்து வந்த டயர் சரக்கோட போனது. உங்க கடையில செய்யக்கூடியது: கூரைக்குக் கீழ வையுங்க. வெளிய வச்சே ஆகணும்னா அடிப்பக்கம் துளை போடுங்க, ரெண்டு மூணு இடத்துல. வேண்டவே வேண்டாத டயர்ல மண்ணை ரொப்பிச் செடி வைக்கலாம்.

பஞ்சர்பெட்டி
துளை போடறது ஆகும், டிரில் இருக்கு. முன்ன டயர் செருப்பு தைக்கிறவர் வந்து வாங்கிட்டுப் போவார். இப்ப அந்தத் தொழிலே இல்ல.

நாட்டுமருந்து_பற்று
இவ்ளோ பேசறீங்க, ஒருத்தர்கூட நிலவேம்புக் கஷாயத்தைச் சொல்லல. புரட்டாசி பிறந்ததும் வாரம் ரெண்டு தடவை குடிச்சிட்டு வந்தா டெங்கு கிட்டவே வராது. 2012-ல அரசாங்கமே கொடுத்தது. பப்பாளி இலைச் சாறு குடிச்சா ரத்தத்துல தட்டணு (பிளேட்லெட்) மளமளன்னு ஏறும். கெமிக்கல் கிரீமைப் பூசிட்டு ரோட்டுல போறதுக்கு இது எவ்வளவோ மேல்.

வார்டு_அக்கா
நான் செவிலியர், தருமபுரி. நிலவேம்புக் குடிநீர் எங்க ஆஸ்பத்திரி வாசல்லயே கொடுத்திருக்காங்க, நானும் குடிச்சிருக்கேன். நிலவேம்பு மட்டும் இல்ல, வெட்டிவேர், சுக்கு, மிளகுன்னு ஒன்பது சரக்கு சேர்ந்தது. அதைக் குடிக்காதீங்கன்னு நான் சொல்லல. குடிச்சதால கொசு கடிக்காதுன்னோ, கடிச்சா வராதுன்னோ நம்பிட்டு உக்காந்துடாதீங்கன்னுதான் சொல்றேன். பப்பாளிச் சாறைக் குடிச்சு வாந்தி எடுத்து, இருக்கிற தண்ணிச் சத்தும் போய் வர்றவங்களை வார்டுல பார்க்கிறேன்.

இங்க சைக்கிள் ஓட்டறவங்க நிறையப் பேர் இருக்கிறதால ஒண்ணு சொல்லியே ஆகணும், ஏன்னா இதை யாரும் எழுதல. ஞாயித்துக்கிழமை நீளமா மிதிச்சிட்டு வர்றீங்க. திங்கக்கிழமை உடம்பு வலி, கால் வலி, லேசாச் சூடு. "நேத்து மிதிச்சது"ன்னு நினைச்சுக்கிட்டு மெடிக்கல்ல ஒரு வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கிறீங்க. இல்லன்னா தெரிஞ்ச டாக்டர்கிட்ட ஊசி. அது டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென், ஆஸ்பிரின் வகையா இருந்து, உங்களுக்கு வந்தது டெங்குவா இருந்தா, ரத்தக் கசிவுக்கு நீங்களே வழி பண்ணிக் கொடுத்த மாதிரி. டெங்கு சீசன்ல காய்ச்சலோட வர்ற உடம்பு வலிக்குப் பாரசிட்டமால் மட்டும், அதுவும் சொன்ன அளவுக்கு.

எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது? மிதிச்ச வலி தொடையிலயும் முதுகுலயும் இருக்கும், காய்ச்சல் இருக்காது, ரெண்டு நாள்ல குறையும். டெங்குன்னா திடீர்னு நூத்தி ரெண்டு, நூத்தி மூணு ஏறும், கண்ணுக்குப் பின்னாடி வலிக்கும், எலும்பை முறிச்சுப் போட்டாப்ல இருக்கும். கொசு கடிச்சு நாலுல இருந்து பத்து நாள் கழிச்சுத்தான் ஆரம்பிக்கும், அதனால நேத்துப் போன ரூட்டைக் குத்தம் சொல்லாதீங்க. முதல் அஞ்சு நாளுக்குள்ள என்.எஸ்.1 ரத்தப் பரிசோதனையில தெரியும், அதுக்குப் பிறகுன்னா ஐ.ஜி.எம். பரிசோதனை.

அணைப்பக்கத்தான்
அக்கா, இது எனக்குத் தெரியாத விஷயம். எங்க மாடி வீட்டுப் பையனுக்கு காய்ச்சல் விட்டுடுச்சுன்னு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாங்க, அன்னிக்கு ராத்திரிதான் ரொம்ப மோசமாகி திரும்பத் தூக்கிட்டு ஓடினாங்க. காய்ச்சல் விட்ட பிறகு எப்படி?

வார்டு_அக்கா
டெங்குவுல ஏமாத்தறதே அதுதான். மூணுல இருந்து ஏழு நாளுக்குள்ள சூடு இறங்கும். அந்த இறங்கற ஒண்ணு ரெண்டு நாள்தான் ஆபத்தான நேரம். ரத்தக் குழாய்ல இருந்து நீர் கசிஞ்சு வெளிய போகும், பிரஷர் இறங்கும். வயித்து வலி விடாம இருந்தா, வாந்தி நிக்கலன்னா, ஈறுல மூக்குல ரத்தம் வந்தா, ஆளு சோர்ந்து போனா இல்ல நிலை கொள்ளாமத் தவிச்சா, நாலஞ்சு மணி நேரமா ஒண்ணுக்குப் போகலன்னா, காய்ச்சல் இல்லையேன்னு பார்க்காம 108-ஐக் கூப்பிடுங்க.

வெளிய உக்காந்து எல்லாரும் "தட்டணு எவ்ளோ, தட்டணு எவ்ளோ"ன்னு அதே கேள்விதான். ஒன்றரை லட்சத்துல இருந்து நாலரை லட்சம் வரைக்கும் சாதாரணம். அம்பதாயிரத்துக்கு வந்துடுச்சுன்னு அழுவாங்க. ரத்தக் கசிவு இல்லன்னா பத்தாயிரத்துக்கு மேல இருக்கிற வரைக்கும் பெரும்பாலும் தட்டணு ஏத்த மாட்டாங்க. நாங்க அதைவிட உத்துப் பார்க்கிறது ரத்தம் கெட்டியாகுதான்னுதான். கஞ்சி, இளநீர், உப்பு-சர்க்கரைக் கரைசல், மோரு, வாய் வழியா எது இறங்குதோ அதைக் கொடுங்க.

கெலவரப்பள்ளி_ரவுண்டு
போன வருஷம் வந்து மீண்ட ஆளு நான். ஆஸ்பத்திரி பேர் வேண்டாம், அங்க ஒரு நாள் முழுக்க "வைரல்"னு சொல்லி அனுப்பிட்டாங்க, அது தனிக் கதை. வீட்டுக்கு வந்ததும் ஒரே குறி, எப்போ சைக்கிள் எடுக்கலாம்னு. எனக்கு டாக்டர் சொன்னது: தட்டணு சரியாகற வரைக்கும் சைக்கிள் பக்கமே போகாதே. மிதிக்கிறதுல இல்ல ஆபத்து, விழறதுல. ஒரு சின்னக் கல்லு தடுக்கி விழுந்தாலும் ரத்தம் நிக்காது. அப்புறமும் வாரக்கணக்குல அசதி இருக்கும். கெலவரப்பள்ளி அணைக்கரை மேடு இருக்கே, அதுல தள்ளிட்டு நடந்து வந்தேன், வெட்கம் பார்க்கல.

டெங்குல நாலு வகை இருக்காம். ஒரு வகை வந்தா அது திரும்ப வராது, மத்த மூணும் வரும், ரெண்டாவது தடவை கடுமையா இருக்க வாய்ப்பு அதிகம். எனக்கு இப்ப அந்தப் பயம்தான்.

சிப்காட்_ஷிப்டு
எங்க மாமாவுக்கு 2006 சிக்குன்குனியா. அதுவும் இதே கொசுதானே. மாசக்கணக்குல மணிக்கட்டு மடங்கல. பிரேக் பிடிக்க முடியாம சைக்கிளையே விட்டுட்டார்.

நான் இப்ப பெர்மெத்ரின்னு ஒரு மருந்துல நனைச்ச சட்டை பார்த்து வச்சிருக்கேன். கொசு உக்காந்தாச் செத்துடுமாம். யாராவது வாங்கியிருக்கீங்களா?

மாரண்டஅள்ளி_மல்பெரி
சார், அந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு எங்க ஊர்ப் பக்கம் நின்னு பேச வேண்டாம், கும்பிடறேன்.

நாங்க பட்டுப்புழு வளர்க்கிறோம். கொசுவைக் கொல்ற மருந்துல நிறைய, பட்டுப்புழுவையும் கொல்லும், கொசு புழு ரெண்டும் பூச்சிதானே. பெர்மெத்ரின் இருக்கிற குடும்பத்து மருந்துதான் கொசுவர்த்தி, செருகி வைக்கிற பாட்டில், ஸ்ப்ரே எல்லாத்துலயும். புழு வளர்க்கிற மனைக்குப் பக்கத்து வீட்டுல வர்த்தி கொளுத்தினாக்கூட எங்களுக்குப் பதறும். சாக்கிப் புழு, அதாவது இளம் புழுன்னா சொல்லவே வேண்டாம். கையில கிரீம் பூசிட்டு யாராவது புழுவுக்குப் போடற மல்பெரித் தழையைத் தொட்டா எங்கம்மா கத்தற கத்தல் பாலக்கோடு வரைக்கும் கேக்கும். புகை மருந்து வண்டி வருதுன்னா நான் முன்னாடியே ஓடிப் போய் மறிச்சு, அடுத்த தெருவோட திருப்பி விடுவேன். ஊருக்காரங்களுக்கு என் மேல கோபம். "உன் புழு பொழைக்க நாங்க காய்ச்சல்ல சாகணுமா?"

என்கிட்ட அதுக்குப் பதில் இல்லைன்னு நினைச்சாங்க, இருந்தது. பட்டுப்புழுவைத் தாக்குற ஊஜி ஈ உள்ள வந்துடக் கூடாதுன்னு மனைக்கு ஜன்னல், கதவு எல்லாம் நைலான் வலை அடிச்சிருக்கோம். அதே வலையை வீட்டுக்கும் அடிச்சேன். தழைக்குத் தண்ணி தெளிக்கிற தொட்டியில கம்பூசியா மீன் விட்டேன், மீன்வளத் துறையில கேட்டு வாங்கினது. புழுவை அள்ளி அள்ளித் தின்னுது, கொசுப் புழுவைச் சொல்றேன்! தழை மூட்டையோட தினமும் சைக்கிள்ல போற எனக்கு முழுக்கைச் சட்டையும் வேட்டியும்தான் மருந்து.

வெள்ளைச்சட்டை_ஓய்வு
இந்த மாவட்டத்துல வேலை பார்த்த எல்லாரும் இந்தப் பஞ்சாயத்தைப் பார்த்திருப்போம். ஊர்க்காரங்ககிட்ட ஒண்ணு சொல்லுங்க: புகை மருந்து அந்த நேரத்துல பறக்கிற கொசுவைத்தான் கொல்லும். புழுவையும் முட்டையையும் தொடாது. ஏடிஸ் பெரும்பாலும் வீட்டுக்குள்ள, கட்டிலுக்கு அடியில, கொடியில தொங்கற துணி மடிப்புல உக்காந்திருக்கும். தெருவுல போற புகை அங்க சரியாப் போகாது. வண்டி சத்தத்தைக் கேட்டதும் ஜனங்க ஜன்னலைச் சாத்திக்கிறாங்க, அது வேற. புகை வந்தா ஏதோ செஞ்சுட்டாங்கன்னு ஒரு திருப்தி, அவ்ளோதான். காய்ச்சல் பரவிட்ட தெருவுல அதுக்கு ஒரு இடம் உண்டு, இல்லேன்னு சொல்லல. மீனுக்கு என் ஓட்டு.

அரூர்_அம்மா
என் பொண்ணு பிளஸ் ஒன். ஸ்கூல்ல கொடுத்த சைக்கிள்லதான் போய் வர்றா. சாயங்காலம் டியூஷன் முடிஞ்சு வர்றப்போ கை கால் எல்லாம் தடிப்புத் தடிப்பா. தினமும் ஓடோமாஸ் மாதிரி கிரீம் பூசி அனுப்பலாமா? தோலுக்கு ஒண்ணும் ஆகாதே?

வார்டு_அக்கா
பூசலாம்மா. அந்த வயசுக்கு ஒண்ணும் பயமில்ல. கண்ணு, வாய், வெட்டுக்காயம் இருக்கிற இடம் தவிர்க்கணும், வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவிடணும். வெயிலுக்கு கிரீம் பூசற பழக்கம் இருந்தா அதை முதல்ல பூசி, காஞ்ச பிறகு இது. காலையில பூசினது சாயங்காலம் வரைக்கும் நிக்காது, அட்டையில எத்தனை மணி நேரம்னு போட்டிருக்கும், வேர்வையில அதுவும் குறையும். டியூஷனுக்குப் போறதுக்கு முன்னாடி ஒருதரம் திரும்பப் பூசச் சொல்லுங்க.

ஆனா ஒண்ணு, சைக்கிள்ல வர்ற நேரத்துல கடிச்சிருக்காது. டியூஷன்ல பெஞ்சுக்குக் கீழ, கால் மறைவா இருக்கும் பாருங்க, அங்கதான். சாக்ஸ் போட்டுட்டு உக்காரச் சொல்லுங்க, டியூஷன் வாத்தியார் வீட்டு மாடியில தண்ணித் தொட்டி மூடியிருக்கான்னு நீங்க ஒருதரம் பாருங்க.

அரூர்_அம்மா
வாத்தியார் வீட்டுத் தொட்டியை நான் எப்படிப் போய்ப் பார்க்கிறது? சரி, அவர் சம்சாரம் எனக்குத் தெரிஞ்சவங்கதான், பேசிப் பார்க்கிறேன்.

அஞ்செட்டி_ஏத்தம்
வெளிநாட்டு ஸ்ப்ரே வாங்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. டீட்னு ஒரு சரக்கு இருக்கும், நல்லா வேலை செய்யும். ஆனா பிளாஸ்டிக்கைத் தின்னும். என் கூலிங் கிளாஸ் கண்ணாடி மேல மங்கலா ஒரு படலம் படிஞ்சு, துடைக்கத் துடைக்க பூச்சு உரிஞ்சு வந்துடுச்சு. கிளவுஸு, லைக்ரா டிரவுசர், வாட்ச் ஸ்ட்ராப் எல்லாத்துக்கும் அதே கதிதான். பிக்காரிடின்னு போட்ட வகைக்கு இந்தத் தொல்லை இல்ல, மணமும் கம்மி. எது பூசினாலும் உள்ளங்கையைத் துடைச்சுட்டு ஹேண்டிலைப் பிடிங்க, இறக்கத்துல வழுக்கும்.

அணைப்பக்கத்தான்
நேத்து மொட்டை மாடிக்கு டார்ச்சோட போனேன். டிரம்முக்கு ஏற்கனவே துணி கட்டியாச்சு. ஆனா என் பழைய சைக்கிள் மேல மழைக்குப் போட்டு வச்ச தார்ப்பாய், சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவுல குழிஞ்சு கிடந்தது. ரெண்டு டம்ளர் தண்ணி இருக்கும், தெளிவா. உள்ள பஞ்சர்பெட்டி தம்பி சொன்னது அப்படியே, தலைகீழாத் தொங்கிட்டு. வீட்டம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாங்க. "அப்போ கொசுவும் சைக்கிள்லதான் வருது"ன்னுட்டுப் போயிட்டாங்க.

சிப்காட்_ஷிப்டு
அண்ணி ஜெயிச்சுட்டாங்க அண்ணா, ஒத்துக்கோங்க.

வெள்ளைச்சட்டை_ஓய்வு
தார்ப்பாயை உதறி வெயில்ல காயப் போடுங்க. அடுத்த தடவை கட்டும்போது நடுவுல ஒரு குச்சி கொடுத்துக் கூடாரமாத் தூக்கிக் கட்டுங்க, தண்ணி தேங்காது. சவாரி நேரத்தைப் பத்திக் கேட்டீங்களே: வாய்க்கால் பக்கம் இருட்டோட போகாம, நல்லா வெளிச்சம் வந்த பிறகு போங்க, வயல் கொசு குறையும். அதுக்குள்ள ஏடிஸ் எழுந்துடும், ஆனா அது இருக்கிறது ஊருக்குள்ள. அதனால ஊருக்குள்ள நிக்காம மிதிச்சுப் போயிடுங்க. டீயை அணைக்கரையில காத்தாட நின்னு குடிங்க.

கெலவரப்பள்ளி_ரவுண்டு
ஐயா, டெங்குவுக்குத் தடுப்பூசி எப்போ வரும்?

வெள்ளைச்சட்டை_ஓய்வு
நம்ம நாட்டுத் தடுப்பூசிக்கு 2024 ஆகஸ்டுல மூணாம் கட்டச் சோதனை ஆரம்பிச்சாங்க. முடிவு வந்து, அனுமதி கொடுத்து, நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரட்டும், நானே வரிசையில நிக்கிறேன்.

பஞ்சர்பெட்டி
ஞாயித்துக்கிழமை யாராவது பாரூர் ஏரிக்குப் போறீங்களா? போனா காரிமங்கலம் வழியா வாங்க. கடைக்குப் பின்னாடி இருக்கிற டயருக்கெல்லாம் துளை போடணும், ரெண்டு ஆளு பிடிச்சுக்கிட்டா ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும். டீ, வடை அப்பா செலவு. காத்து இலவசம்.

அணைப்பக்கத்தான்
நான் வர்றேன் தம்பி. என் பின் டயரும் தேஞ்சு போச்சு, மாத்திக்கலாம். பழசை உங்க கடையிலயே விட்டா சேர்த்துத் துளை போட்டுடுவீங்களா?

பஞ்சர்பெட்டி
அண்ணா, பழசை நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க!